எண்முறை அச்சும் கெட்டிச் சாயமும்

(ஜவுளித் தொழில்நுட்ப மாணவர்களுக்கும் துறை அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

துணி வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாயம் போகுமா?" நூலின் மென்மையைக் கையால் தொட்டு அறியலாம். நெசவின் நெருக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சாயத்தின் உறுதியை மட்டும் கடையில் நின்று அறிய இயலாது. அது முதற் சலவையில்தான் தெரியவரும்; அதற்குள் பணம் கைமாறிவிட்டிருக்கும். ஆகவே, கெட்டிச் சாயம் என்பது வாங்குபவர் விற்பவர் மீது வைக்கும் நம்பிக்கையைப் பொறுத்த செய்தியாகும். அந்த நம்பிக்கை பொய்க்கும்போது இழப்பு ஒரு சேலையோடு முடிவதில்லை. ஏற்றுமதிக்கு அனுப்பிய சரக்கு திரும்பி வருகிறது. சிறு அச்சகம் வாங்கிய கடன் அடைபடாமல் நிற்கிறது. துணியில் நிற்காத சாயம் ஆற்றைச் சென்றடைகிறது.

பருத்தித் துணியில் எண்முறை அச்சு, அதாவது டிஜிட்டல் அச்சு, பரவத் தொடங்கிய பின்னர் இக்கேள்வி புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. கணினியில் வரைந்த கோலத்தை அச்சுச் சட்டமோ மரக்கட்டையோ இன்றி நேரே துணியில் பதிக்கும் முறை இது. பத்து மீட்டர் துணிக்கும் தனிக் கோலம் அச்சிடலாம்; எண்ணற்ற வண்ணச் சாயல்களைக் கொணரலாம். ஆனால், அழகாக அச்சாவது வேறு, அச்சானது நிலைப்பது வேறு. பொறி முன்னதைத் தருகிறது. பின்னதை வேதியியலும் நீரும் தொழிலாளரின் கவனமுமே தர இயலும். இவ்வேறுபாட்டை விளக்குவதும், நிறம் நிலைக்கச் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துவதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

பழைய வழியில் ஒரு பாடம்

பருத்தியில் நிறத்தை நிலைநிறுத்தும் கலை இந்நாட்டிற்குப் புதியதன்று. மொகஞ்சதாரோ அகழாய்வில் வெள்ளிக் கலம் ஒன்றுடன் ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணித் துணுக்கு, மஞ்சிட்டி இனச் சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டதாக அறியப்பட்டுள்ளது. அதன் காலம் 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. பின்னாளில் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற சாயத் துணிகள் ஐரோப்பியச் சந்தையைக் கவர்ந்தன. துவைத்தாலும் நிறம் மங்காமை அவற்றின் தனிச்சிறப்பாக இருந்தது. அத்துணிகளின் போட்டியைத் தாங்க இயலாமல் பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் இயற்றின.

கலம்காரித் தொழிலாளர் கையாண்ட முறை இன்றும் கருதத்தக்கது. அவர்கள் துணியை முதலில் நன்கு அலசிக் கஞ்சி நீக்குவர். பின்னர் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, எழுதும் வண்ணம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் காக்கும். அதன் மேல் படிகாரத்தையும் இரும்புக் கரைசலையும் தீட்டிப் பின் சாயவேரில் காய்ச்சுவர். இறுதியில் ஓடும் நீரில் மீண்டும் மீண்டும் அலசி வெயிலில் உலர்த்துவர். காளத்தியில் சுவர்ணமுகி ஆற்றின் நீரோட்டமே இவ்வேலைக்குத் துணையாக இருந்தது. துணியைப் பதப்படுத்துதல், சாயத்தை இழையோடு பிணைத்தல், பிணையாததை அலசி வெளியேற்றுதல் ஆகிய மூன்றுமே அந்தக் கலையின் அடிப்படை. இன்றைய எண்முறை அச்சிலும் இதே மூன்று படிகள் உள்ளன. மாறியிருப்பவை கருவிகளும் பொருள்களுமே.

சாயம் இழையைப் பற்றும் விதம்

பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. அதன் மூலக்கூறு முழுவதும் ஹைட்ராக்சில் தொகுதிகள் அமைந்துள்ளன. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் ஒரு புதிய சாய வகையை வெளியிட்டது. ராட்டி, ஸ்டீபன் என்னும் இரு வேதியியலாரின் ஆய்வினால் விளைந்த இச்சாயம், கார ஊடகத்தில் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியுடன் வினைபுரிந்து சகப்பிணைப்பை ஏற்படுத்தியது. சாயம் இழையின் மேல் ஒட்டிக்கொள்வதற்கு மாறாக, இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இவ்வகையே ரியாக்டிவ் சாயம் அல்லது வினைச்சாயம் எனப்படுகிறது. பருத்திக்கான எண்முறை அச்சிலும் இதுவே முதன்மையான மை.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. சாயம் செல்லுலோஸுடன் வினைபுரிவதைப் போலவே நீருடனும் வினைபுரியும். நீராற்பகுப்புக்கு உள்ளான சாயம் பிணையும் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஆயினும் அதன் நிறம் போவதில்லை. செயலிழந்த அச்சாயம் வலுவற்ற ஈர்ப்பினால் இழையிலேயே தங்கி, பிணைந்த சாயத்தைப் போலவே தோற்றமளிக்கிறது. கண்ணால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வீட்டில் துணி துவைக்கும்போது வாளி நீரில் இறங்குவதும், பக்கத்துத் துணியில் படிவதும் இதுவே. வினைச்சாயத்தால் அச்சிட்ட துணியில் சாயம் போகிறது என்றால், பெரும்பாலும் பிணைந்த சாயம் பிரிந்து போவதில்லை; பிணையாமல் தங்கிவிட்ட சாயமே போகிறது. இந்த ஒரு செய்தியைத் தெளிவாக உணர்ந்தால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

மையின் கட்டுப்பாடு

வழக்கமான திரை அச்சில் சாயம், குழைப்புப் பொருள், காரம், யூரியா யாவும் ஒரே குழம்பில் கலக்கப்படுகின்றன. எண்முறை அச்சில் இது இயலாது. அச்சுத் தலையின் துளைகள் தலைமுடியைவிட நுண்ணியவை. அவற்றின் வழியே வெளிவரும் ஒவ்வொரு துளியும் சில பிக்கோலிட்டர் முதல் சில பத்து பிக்கோலிட்டர் வரை மட்டுமே இருக்கும். ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்தகைய துளையில் கெட்டியான குழம்பு செல்லாது. உப்புகள் உலோகப் பகுதிகளை அரிக்கும். காரம் சேர்த்தால் சாயம் மைப் புட்டியிலேயே நீராற்பகுப்புக்கு உள்ளாகிப் பயனற்றுப் போகும். ஆகவே மையில் தூய்மையான சாயமும், நீரும், அது உலராமல் காக்கும் சில பொருள்களும் மட்டுமே இருக்கும். இருப்பில் கெடாதிருக்கும் பொருட்டு, வினைவேகம் குறைந்த மோனோகுளோரோடிரையசின் வகைச் சாயங்களே மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இதன் விளைவாக, திரை அச்சில் குழம்பிலிருந்த துணைப் பொருள்கள் அனைத்தையும் எண்முறை அச்சில் துணியில் முன்னதாகவே ஏற்ற வேண்டியுள்ளது. நிறம் நிலைக்குமா என்பது பெரும்பகுதி அச்சுப் பொறிக்கு முன்னும் பின்னுமே முடிவாகிறது. பொறியின் விலை பல லட்சங்களாக இருக்கலாம். அதற்கு முன்னுள்ள பதனத்தொட்டியும் பின்னுள்ள அலசுதொட்டியும் சரியில்லையெனில் அந்த முதலீட்டின் பயன் கிட்டாது.

முன்பதனம்

முதலில் துணி தூய்மையாக இருத்தல் வேண்டும். கஞ்சி நீக்கல், காரக் கொதிப்பு, வெளுப்பு ஆகிய மூன்றும் ஒழுங்காக நடைபெற்றிருக்க வேண்டும். இதனைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு துளி நீரைத் துணியின் மேல் விட்டால் சில நொடிகளில் அது சீராக உறிஞ்சப்பட வேண்டும். ஒரு துளி அயோடின் கரைசலை இட்டால் நீல நிறம் தோன்றக் கூடாது. தோன்றினால் கஞ்சி எஞ்சியுள்ளது எனப் பொருள். கஞ்சியில் உள்ள ஸ்டார்ச்சும் ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்டதே. சாயம் அதனோடு பிணைந்து, அலசும்போது கஞ்சியுடன் சேர்ந்தே போய்விடும். வெளுப்பில் பயன்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு எஞ்சியிருந்தால் சாயத்தைச் சிதைக்கும். இழையின் உட்பகுதியில் காரம் தங்கியிருந்தால் நிறம் திட்டுத்திட்டாக அமையும். இழுவிசையுடன் எரிசோடாக் கரைசலில் மெர்சரைஸ் செய்த துணி சாயத்தை மிகுதியாக ஏற்று, குறைந்த மையிலேயே ஆழ்ந்த நிறம் தரும்.

தூய்மையான துணி அதன்பின் முன்பதனக் கரைசலில் தோய்க்கப்பட்டு, உருளைகளுக்கிடையே பிழியப்பட்டு, உலர்த்தப்படுகிறது. இக்கரைசலின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பணி உண்டு.

சோடியம் ஆல்ஜினேட் என்பது கடற்பாசியிலிருந்து பெறப்படும் குழைப்புப் பொருள். எருமைப் பால் செய்த வேலையை இங்கு இது செய்கிறது; துளி பரவாமல் கோட்டின் கூர்மையைக் காக்கிறது. இதனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ச்சைப் போல எளிதில் வினைபுரியும் முதனிலை ஹைட்ராக்சில் தொகுதிகள் இதில் இல்லை. மேலும், எதிர்மின் தன்மையுள்ள இதன் கார்பாக்சிலேட் தொகுதிகள் அதே தன்மையுள்ள சாயத்தை விலக்குகின்றன. ஆகவே சாயம் குழைப்புப் பொருளோடு வீணாகாமல் இழையைச் சென்றடைகிறது.

சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, வினைக்கு வேண்டிய காரத்தைத் தருகிறது. அறை வெப்பத்தில் இது மென்காரமாக இருப்பதால் அச்சிடும்போது சாயம் கெடுவதில்லை. ஆவியூட்டும்போது கரியமில வாயுவை வெளியிட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாறி, வேண்டிய நேரத்தில் வேண்டிய காரத்தன்மையை அளிக்கிறது.

யூரியா ஈரத்தை ஈர்த்து வைத்து, சாயம் கரையவும் இழை உப்பவும் உதவுகிறது. ஆனால் கழிவுநீரில் நைட்ரஜன் சுமையைக் கூட்டுவதும் இதுவே. தேவைக்கு மேற்பட்ட யூரியா கோட்டின் கூர்மையையும் கெடுக்கும். மென்மையான ஆக்சிஜனேற்றப் பொருள் ஒன்றும் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. ஆவியில் சாயம் ஒடுக்கமுற்று நிறமிழப்பதை அது தடுக்கிறது.

பிழிவு துணியின் அகலம் முழுவதும் ஒரே அளவாக இருத்தல் இன்றியமையாதது. ஓரத்தில் ஒரு வீதமும் நடுவில் வேறொரு வீதமும் பதனப்பொருள் ஏறியிருந்தால், அச்சுப் பொறி எத்துணைத் துல்லியமாக மையைத் தெளித்தாலும் சாயம் பற்றும் அளவு வேறுபடும். பதனமிட்ட துணி ஈரத்தை எளிதில் ஈர்க்கும். ஆகையால் மழைக்காலத்தில் அதனை உறையிட்டு வைப்பதும், நெடுநாள் தேக்காமல் பயன்படுத்துவதும் நல்லது.

ஆவியூட்டல்

அச்சிட்டு உலர்ந்த துணியில் சாயம் இன்னும் குழைப்புப் படலத்திற்குள்தான் இருக்கிறது. அதனை இழைக்குள் செலுத்தி வினைபுரியச் செய்வது ஆவியே. மோனோகுளோரோடிரையசின் சாயங்களுக்கு ஏறத்தாழ 102 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நிறைவுற்ற ஆவியில் 8 முதல் 10 நிமிடங்கள் வைப்பது வழக்கம். ஆவி துணியின் மேல் குளிர்ந்து நீராகிறது. அந்நீரில் சாயம் கரைந்து, உப்பிய இழைக்குள் பரவி, காரத்தின் துணையால் பிணைகிறது.

ஆவிப்பெட்டியில் காற்று கலந்திருந்தால் வெப்பமும் ஈரமும் குறைந்து பிணைப்பு குன்றும். ஆவி மிகை ஈரமாக இருந்தால் கோலம் கசியும். மிகை உலர்வாக இருந்தால் சாயம் கரையாது. சிறு அச்சகங்கள் பல, சொந்த ஆவிப்பெட்டி இல்லாமல் வேறிடத்திற்குத் துணியை அனுப்புகின்றன. அங்கு ஆவியின் தன்மையையும் நேரத்தையும் சரிபார்க்க வாய்ப்பு மிகக் குறைவு. நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி ஆவியூட்டலைக் குறைத்தால் நிறம் உடனே மங்கலாகத் தெரிவதில்லை. பிணையாத சாயத்தின் பங்கு கூடுகிறது. அது பின்னர் வாங்குபவரின் வாளியில் வெளிப்படுகிறது.

அலசலே அடித்தளம்

சாயம் முழுவதும் பிணைவதில்லை. அச்சில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பிணைந்தாலே ஓரளவு நல்ல விளைவு எனக் கருதப்படுகிறது. எஞ்சியதை வெளியேற்றுவது அலசலின் பணி. பல அச்சகங்களில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படும் படியும் இதுவேயாகும்.

அலசலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மிகுதியான குளிர்ந்த நீரோட்டத்தில் காரம், யூரியா, குழைப்புப் பொருள், தளர்ந்த சாயம் ஆகியவற்றைப் போக்க வேண்டும். தொடக்கத்திலேயே சுடுநீரில் இட்டால், காரம் எஞ்சியிருக்கும் அந்நிலையில் பிணைந்த சாயமும் பிரிய நேரிடும். கழன்ற சாயம் துணியின் வெண்மையான பகுதிகளில் மீண்டும் படிந்து கறையாகும். காரமும் உப்பும் நீங்கிய பின்னரே வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். பின்னர் 90 பாகைக்கு மேற்பட்ட கொதிநிலை அண்மித்த நீரில் சோப்பு அல்லது சலவைப் பொருளிட்டு அலச வேண்டும். செயலிழந்த சாயத்திற்கும் இழைக்கும் இடையிலுள்ள ஈர்ப்பு வெப்பம் கூடக் கூடக் குறைகிறது. இழையின் உள்ளிருந்து அச்சாயம் வெளியேறுவதற்கு வெப்பமும் நேரமும் தேவை. இறுதியில் சுடுநீரிலும் குளிர்நீரிலும் அலசி முடிக்க வேண்டும்.

நீரின் தன்மை இங்கு பெருந்தாக்கம் உடையது. கடின நீரிலுள்ள கால்சியம், ஆல்ஜினேட்டுடன் சேர்ந்து கரையாத படிவாகிறது. அது துணியை விறைப்பாக்குவதோடு, தன்னுள் சாயத்தையும் பிடித்து வைக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் சாய மூலக்கூறுகளைத் திரளச் செய்து அவை வெளியேறுவதையும் தடுக்கின்றன. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் அச்சு மையங்கள் பலவும், கொங்கு வட்டாரச் சாயப்பட்டறைகள் பலவும் நிலத்தடி நீரை நம்பியவை. இவ்விடங்களில் நீரை மென்மையாக்காமல் நல்ல மையை வாங்குவதால் மட்டும் பயன் விளையாது. நீரின் கடினத்தன்மையை நாள்தோறும் அளந்து குறித்து வைக்கும் பழக்கம், விலையுயர்ந்த மையைவிடச் சில நேரங்களில் மிகுந்த பயன் தரும்.

அலசலைச் சுருக்கிவிட்டு, நேர்மின் தன்மையுள்ள சாயப் பிடிப்பான்களைத் தோய்த்துச் சரக்கை அனுப்பும் வழக்கமும் உண்டு. இவை பிணையாத சாயத்தை இழையில் தற்காலிகமாகக் கட்டி வைக்கின்றன. முதற் சோதனையில் துணி தேறிவிடும். சில சலவைகளுக்குப் பின் கட்டு தளரும். சில பிடிப்பான்கள் நிறச் சாயலையும் ஒளியைத் தாங்கும் திறனையும் கெடுக்கின்றன. நன்கு அலசிய ஆழ்நிறத் துணிக்கு இவை துணை செய்யலாம். அலசலுக்கு மாற்றாக இவற்றைக் கொள்ளுதல் தவறு.

நிறமி மை

வினைச்சாயத்திற்கு மாற்றாக நிறமி மையும் பயன்படுகிறது. நிறமிக்கு இழையோடு வேதி உறவு கிடையாது. அதன் நுண்துகள்கள் பிணைப்பான் எனப்படும் அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் படலத்தினால் துணியின் மேல் பிடித்து வைக்கப்படுகின்றன. அச்சிட்டபின் ஏறத்தாழ 150 முதல் 160 பாகை வெப்பத்தில் சில நிமிடங்கள் பதப்படுத்தினால் போதும். ஆவியூட்டலும் நெடிய அலசலும் தேவையில்லை. ஆகவே நீர் மிகவும் மிச்சமாகிறது. நல்ல நிறமிகள் ஒளியையும் நன்கு தாங்கும்.

குறை, உராய்வில் உள்ளது. நுண்துளை அடைபடும் என்பதால் மையில் பிணைப்பானை வேண்டிய அளவு சேர்க்க முடிவதில்லை. துணிக்கு முன்பதனமாகவோ மேற்பூச்சாகவோ கூடுதல் பிணைப்பான் தர வேண்டியுள்ளது. அதனால் துணி விறைப்பாகலாம். வெப்பப் பதனம் போதாவிடில் படலம் முழுமையடையாது. ஈரத் துணியால் தேய்த்தவுடன் நிறம் கையோடு வரும். நீர் அரிதான இடங்களில் திரைச்சீலை, மேசை விரிப்பு போன்றவற்றிற்கு நிறமி மை பொருத்தமானது. உடலை ஒட்டி அணியும் மென்மையான ஆழ்நிற உடைகளுக்கு வினைச்சாயமே சிறந்தது. துணியின் பயனைக் கருதி மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒளியும் குளோரினும்

சலவையைத் தாங்கும் சாயம் வெயிலைத் தாங்கும் என்று கூற இயலாது. இவை இரண்டும் வெவ்வேறு பண்புகள். ஒளியில் மங்குதல் சாய மூலக்கூறின் அமைப்பைப் பொறுத்தது. மேலும், ஆழ்ந்த நிறத்தைவிட வெளிர் நிறம் விரைவில் மங்கும். எண்முறை அச்சில் வெளிர் நிறங்கள் மைத்துளிகளை அடர்த்தி குறைவாகத் தெளிப்பதால் பெறப்படுகின்றன. ஆகவே ஒரே கோலத்தில் அடர்ந்த பகுதி நிலைத்து நிற்க, வெளிர்ந்த பகுதி மறைந்து போகலாம். பல மைகளைக் கலந்து பெறும் நிறத்தில் ஒன்று மட்டும் முதலில் மங்கினால் நிறமே மாறிவிடும். மஞ்சள் மங்கிய பச்சை இலை நீலமாகத் தோன்றும். திரைச்சீலைக்கான கோலத்தை வரைபவர் இதனை அறிந்து வண்ணங்களைத் தேர்ந்தெடுத்தால் குறை பெரிதும் நீங்கும்.

குழாய் நீரிலுள்ள குளோரினும், வீட்டிற் பயன்படும் சலவைத் தூளும் சில வினைச்சாயங்களை வெளுக்கச் செய்கின்றன. வெளுப்புத் தூள் இடாமல், நிழலில் உலர்த்துமாறு துணியின் முகப்புச் சீட்டில் அந்தந்த மாநில மொழியில் குறிப்பிடுதல் உற்பத்தியாளரின் கடமையாகும்.

அளந்து அறிதல்

சாய உறுதியை அளக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட முறைகள் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 105 வரிசைத் தரங்களை இந்தியத் தர நிறுவனமும் ஏற்றுக்கொண்டுள்ளது. சலவைச் சோதனையில், துணித் துண்டுடன் பருத்தி, கம்பளி, நைலான், பாலியெஸ்டர் முதலிய இழைகள் சேர்ந்த வெண்பட்டையைத் தைத்து, குறித்த வெப்பத்தில் சுழற்றித் துவைக்கின்றனர். துணியின் நிறமாற்றமும், பட்டையில் படிந்த கறையும் சாம்பல்நிற அளவுகோல்களுடன் ஒப்பிடப்பட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் பெறுகின்றன. 5 என்பது மாற்றமின்மையைக் குறிக்கும். உராய்வுச் சோதனையில் வெண்துணி சுற்றிய முனை 9 நியூட்டன் விசையுடன் 10 முறை முன்னும் பின்னும் தேய்க்கிறது. உலர்ந்த நிலையிலும் ஈர நிலையிலும் இது செய்யப்படுகிறது. ஒளிச் சோதனைக்கு நீலக் கம்பளி அளவுகோல் பயன்படுகிறது. அதன் மதிப்பெண் 1 முதல் 8 வரை. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய இருமடங்கு நேரம் ஒளியைத் தாங்கும் எனக் கொள்ளலாம்.

இச்சோதனைகளை மேற்கொள்ளவும் ஆலோசனை பெறவும் நாட்டில் அமைப்புகள் இல்லாமலில்லை. 1947இல் அகமதாபாத்தில் தோன்றிய அட்டிரா, 1954இல் பம்பாயில் தோன்றிய பிட்ரா, 1956இல் கோவையில் தோன்றிய சிட்ரா, 1974இல் தோன்றிக் காஜியாபாத்தில் இயங்கும் நிட்ரா ஆகிய ஆராய்ச்சிக் கழகங்களும், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த ஜவுளிக் குழுவின் ஆய்வுக்கூடங்களும் உள்ளன. சரக்கு திரும்பி வந்த பின் சோதிப்பதைவிட, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை முன்னரே சோதிப்பது செலவு குறைந்த வழியாகும்.

ஆற்றின் கணக்கு

எண்முறை அச்சு தூய்மையான தொழில் என்று கூறப்படுவதுண்டு. இதில் உண்மை உண்டு. எஞ்சிய குழம்பைக் கொட்டுவதும் திரைகளைக் கழுவுவதும் இதில் இல்லை. ஆனால் வினைச்சாயம் பயன்படும் வரையில் அலசல் நீர் இருந்தே தீரும். எடுத்துக்காட்டாக, 100 கிராம் சாயத்தில் 75 கிராம் பிணைந்தால் 25 கிராம் கழிவுநீரில் சேர்கிறது. பிணைப்பை 90 கிராமாக உயர்த்தினால் கழிவு 10 கிராமாகிறது. பிணைந்த சாயம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆற்றைச் சேரும் சாயம் குறைந்ததோ ஐந்தில் மூன்று பங்கு. துணியில் நிறம் நிலைப்பதும் ஆறு தூய்மையாவதும் ஒரே வேதிவினையின் இரு பயன்கள் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இக்கணக்கைப் புறக்கணித்தால் விளைவதை நாடு கண்டுள்ளது. ராஜஸ்தானின் பாலி நகரில் பாண்டி ஆறும், குஜராத்தின் ஜேத்பூரில் பாதர் ஆறும், தமிழ்நாட்டில் நொய்யலும் சாயக் கழிவினால் கெட்டன. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே அவை படிப்படியாக இயங்கின. உழவரும் தொழிலாளரும் ஒருங்கே துன்புற்ற அந்த அனுபவம், புதிய அச்சு மையங்களுக்கு எச்சரிக்கையாக அமைய வேண்டும்.

பிணைப்பை உயர்த்த வழிகள் உள்ளன. இரண்டு வினைத்தொகுதிகள் கொண்ட சாயங்களில், ஒன்று நீரால் கெட்டாலும் மற்றொன்று பிணைய வாய்ப்புண்டு. பருத்தியை நேர்மின் தன்மை பெறுமாறு முன்னதாக மாற்றினால், எதிர்மின் சாயம் வலுவாக ஈர்க்கப்பட்டுப் பிணைப்பு கூடுகிறது; யூரியாவும் குறைகிறது. ஆனால் இம்முறையில் சில நிறங்களின் ஒளி உறுதி குறையலாம். பதனத்திற்குப் பயன்படும் வேதிப்பொருளைக் கையாள்வதிலும் தொழிலாளருக்குப் பாதுகாப்பு தேவை. ஆகவே ஆய்வுக்கூடத்தில் வென்ற முறையைத் தொழிற்கூடத்தில் ஏற்குமுன் எல்லாச் சோதனைகளையும் ஒருங்கே செய்து பார்த்தல் அறிவுடைமை.

செய்யத்தக்கவை

இத்தொழிலை ஊக்குவிக்கும் அலுவலர்கள் கருதத்தக்க செய்திகள் சில உண்டு. அச்சுப் பொறிக்குக் கடனோ மானியமோ பரிந்துரைக்கும்போது, ஆவிப்பெட்டி, அலசுதொட்டி, நீரை மென்மையாக்கும் சாதனம், கழிவுநீர் ஏற்பாடு ஆகியவற்றையும் சேர்த்து ஒரே திட்டமாக மதிப்பிடுதல் வேண்டும். தனித்தனியே இவற்றை அமைக்க வசதியற்ற சிறு அச்சகங்கள் ஓரிடத்தில் இருந்தால், பொது ஆவியூட்டல் நிலையமும் பொது அலசுகூடமும் ஏற்படுத்தலாம். 2013இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த பதனிடல் மேம்பாட்டுத் திட்டமும், 2021இல் அறிவிக்கப்பட்டு விருதுநகர் உள்ளிட்ட ஏழு இடங்களில் அமையும் பிரதம மந்திரி மித்ரா பூங்காக்களும் இத்தகைய பொது வசதி என்னும் கருத்தை ஏற்றவை. அரசுக் கொள்முதலில் சாய உறுதி மதிப்பெண்ணை நிபந்தனையாக்கினால், கவனமாக உழைக்கும் சிறு உற்பத்தியாளர் விலைப் போட்டியில் தோற்கமாட்டார்.

மாணவர்களுக்குரிய பணியும் சிறிதன்று. கணினியில் கோலம் வரையக் கற்பிக்கும் பயிற்சிகள் பெருகியுள்ளன. நீரின் கடினத்தன்மையை அளக்கவும், ஆவியின் தன்மையை அறியவும், அலசு நீர் எப்போது தெளிகிறது என்று பார்த்துச் சொல்லவும் பயின்ற கைகள் தொழிலுக்கு மிகுதியாகத் தேவை. பழைய சாயக்காரர் இவற்றை அனுபவத்தால் அறிந்திருந்தார். இன்றைய இளைஞர் அதே அறிவை அளவுகளுடனும் காரணங்களுடனும் பெற இயலும்.

அலசி முடித்த துணியின் ஓரத்தில் வெண்துணித் துண்டொன்றை வைத்துச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அத்துண்டு வெண்மையாகவே இருந்தால் சரக்கை மூட்டை கட்டலாம். நிறம் ஏறினால் மீண்டும் அலசத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சிறு நடைமுறை ஒவ்வோர் அச்சகத்திலும் வழக்கமாகிவிடுமானால், "சாயம் போகுமா?" என்ற கேள்விக்குக் கடைக்காரர் துணிந்து விடை கூற முடியும்.